ஜமீலுன்னிசாவின் நீளமான கையெழுத்து

சந்திரமதி டாக்கீஸின் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஜமீலுன்னிசா ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். தரை டிக்கெட் பெண்கள் மடியில் இருக்கும் பீடி, சுருட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்குச் சீட்டு கிடையாது. எது யாருடைய சுருட்டு என்று அவளுக்குத் தெரியும்; கடித்திருக்கும் கடியை வைத்தே சொல்லிவிடுவாள். நான்கு வருஷத்தில் ஒரு சுருட்டுகூட ஆள் மாறிப் போனதில்லை.

"காத்தால நீயே சுத்தறே, சாயங்காலம் நீயே புடுங்கிக்கிறே. நல்லா கீது பீபி உன் பொயப்பு" என்று நொச்சிக்குப்பத்துப் பெண்கள் கேலி செய்வார்கள்.

கேலியில் பொய் இல்லை. காலை நேரத்தில் அவள் வீட்டில் பீடி சுற்றினாள். மத்தியானத்துக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவள் பிறந்தது, வாழ்ந்தது எல்லாம் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் உள்ள ஒரே சந்தில்தான். தகப்பனார் உருது எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் பேச்சோடு சரி, படிக்க வராது. தையற்காரரான புருஷன் அப்துல் வஹீத் முப்பத்தொன்பதில் ரங்கூனுக்குப் போனார். அங்கே குண்டு விழுந்த பிறகு மலையேறி நடந்து திரும்பி வந்தவர்களில் அவர் இல்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, மகள் சகினாவுக்குச் சோறு போட வேறு வழியில்லாமல் இந்த வேலைக்கு வந்தாள்.

சினிமாக் கொட்டகையில் நிற்கிறாளே என்று சந்தில் பேசினார்கள். "வாசல்லதான் நிக்கிறேன். உள்ள போய் படம் பாக்கல" என்று அவள் பதில் சொன்னாள். அதுவும் உண்மை. நான்கு வருஷமாக அவள் ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. பாட்டுகள் காதில் விழும். யார் பாடுகிறார்கள், ஏன் பாடுகிறார்கள் என்று தெரியாது.

சந்திரமதி டாக்கீஸ் முன்பு நாடகக் கொட்டகையாக இருந்தது. அதனால் பின்புறத்தில் மட்டுமின்றி இரண்டு பக்கச் சுவர்களிலும் மாடி ஓடும். இடது பக்க மாடியின் கம்பிக்கு நேர் கீழே, மணல் கொட்டிய பெண்கள் தரை. மாடியில் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் கையிலும் பித்தளைச் சாம்பல் கிண்ணம் ஒன்று திருகாணி போட்டு முடுக்கியிருந்தது.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் படத்துக்காக வரவில்லை. வீட்டில் சிகரெட் பெட்டியைக் கண்ணில் காட்ட முடியாதவர்கள், மடி ஆசாரம் பார்க்கிற குடும்பங்களின் தலைவர்கள், மூன்று மணி நேரம் நிம்மதியாக ஊதித் தள்ள வேறு இடம் இல்லாதவர்கள். சாம்பலைக் கிண்ணத்தில் தட்டவேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. கை கம்பிக்கு வெளியே தொங்கும். தட்டினால் கீழே விழும். கீழே யார் தலை இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் எவரும் இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் திரையில் இரண்டு ஸ்லைடுகள் காட்டுவார்கள். அவை புகையைப் பற்றியவை என்பது மட்டும் ஜமீலுன்னிசாவுக்குத் தெரியும். 1948 தொடக்கத்தில் ஒருநாள், கார்ப்பரேஷன் பள்ளியில் ஏழாவது படிக்கிற சகினா அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்தவள், வாசல் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"தரை, பெஞ்சு. பீடி, சுருட்டு குடிக்காதே. மீறினால் வெளியே தள்ளப்படுவாய்."

அடுத்த ஸ்லைடு வந்தது.

"மாடி. கனவான்கள் புகைபிடிப்பதைக் கூடியவரையில் குறைத்துக்கொள்ளுமாறு மரியாதையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சகினா திரும்பி, "குறைச்சுக்கணுமா, நிறுத்தணுமா?" என்று கேட்டாள்.

நான்கு வருஷமாக ஜமீலுன்னிசா அந்த எழுத்துகளுக்குக் கீழே நின்று, வருகிறவர்களை 'வா அக்கா, போ அக்கா' என்று உள்ளே அனுப்பியிருக்கிறாள். அவர்களைத் திரை 'அடியே' என்று அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் மானேஜர் ராமானுஜத்தின் அறைக்குப் போனாள்.

"சார், தரையில உக்காந்தா 'காதே'. மாடியில உக்காந்தா 'கனவான்'. ஒரே புகைதானே சார்?"

ராமானுஜம் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், காதோரம் நரை, எதற்கும் ஒரு பெருமூச்சு. "மாடில வர்றவாளைக் 'குடிக்காதே'ன்னு போட முடியுமோ? எழுந்து போயிடுவா" என்றார்.

"அப்ப தரைக்கும் 'குடிக்காதீங்க'ன்னு போடுங்க."

"அப்படிப் போட்டா அவா கேக்கமாட்டா. மரியாதையாச் சொன்னா அவாளுக்குப் புரியாது."

"எங்களுக்கு ரெண்டும் புரியுது சார்" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். நொச்சிக்குப்பத்திலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் தேசம்மா, எட்டு மாதக் குழந்தை கபாலியை இடுப்பில் வைத்திருந்தாள். காலையில் மீன் விற்றுவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வருகிறவள். அவள் சுருட்டுக் குடிக்கும் விதமே தனி. மாமியார் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி; அவளிடம் பழகியது. நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பாள். காற்றடிக்கிற கடற்கரையில் அப்படித்தான் சுருட்டு அணையாது. வழக்கம்போல் சுருட்டை டப்பாவில் போட்டாள்.

"பத்திரம் பீபி. பாதிதான் குடிச்சிக்கீறேன்."

"பாதிய நான் குடிச்சிட மாட்டேன், போ."

இடைவேளைக்குச் சற்று முன்னால் உள்ளே குழந்தை வீரிட்டது. பசி அழுகையும் தூக்க அழுகையும் ஜமீலுன்னிசாவுக்குத் தெரியும். இது வேறு. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். மணலில் துணி விரித்துத் தூங்க வைத்திருந்த பிள்ளையைத் தேசம்மா தூக்கி உதறிக்கொண்டிருந்தாள். தொடையில் ஒரு ரூபாய் வட்டத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. துணியின் மடிப்பில் சிகரெட் ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தக்கை முனையும் பொன் எழுத்தும் உள்ள சிகரெட்.

ஜமீலுன்னிசா டார்ச்சை மேலே திருப்பினாள். கம்பிமேல் இருந்த ஒரு முழங்கை மெல்ல உள்ளே போயிற்று. வெள்ளை ஜிப்பாக் கை. ஞாயிறுதோறும் அந்த மூலை நாற்காலி வக்கீல் ஸ்ரீரங்கனுடையது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே குழந்தை கத்துவது அவர் காதில் விழவில்லை என்று அவர் முகம் சொன்னது.

சிகரெட்டை அவள் விரலாலேயே நசுக்கி அணைத்தாள். விரல் சுட்டது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தேசம்மாவை ஒரு ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். இடைவேளையில் ஸ்ரீரங்கன் மறுபக்கப் படிக்கட்டு வழியாகப் போய்விட்டார்.

அன்று மாலை எல்லோரும் போனபின் டப்பாவில் ஒரே ஒரு சுருட்டு மிஞ்சியது. பாதி குடித்த சுருட்டு.

ஆஸ்பத்திரியில் பதிவுப் புத்தகத்தில் 'சினிமாக் கொட்டகையில் தீக்காயம்' என்று எழுதினார்கள். அந்த ஒரு வரி எப்படியோ கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நேரில் கண்ட சிப்பந்தியின் வாக்குமூலமும் வேண்டும் என்று அதில் இருந்தது. ராமானுஜம் ஜமீலுன்னிசாவைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு முழுத் தாள், தமிழில் எழுதித் தயாராக இருந்தது.

"என்ன எழுதிக்கீது, படிங்க சார்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். "நொச்சிக்குப்பம் தேசம்மாள் என்பவள் வாசல் சோதனையை ஏமாற்றிச் சுருட்டை உள்ளே கொண்டுபோய்க் குடித்ததையும், அதன் நெருப்பு அவள் குழந்தைமேல் விழுந்ததையும் நான் நேரில் கண்டேன். மாடியில் எவரும் புகைபிடிக்கவில்லை."

"இன்னொரு தடவ படிங்க."

மறுபடி படித்தார். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

"அவ சுருட்டு என் டப்பாவுல இருந்துச்சு சார். இப்பவும் கீது. பாருங்க" என்று அவள் டப்பாவைத் திறந்து காட்டினாள். "அதுவுமில்லாம அவ நெருப்ப வாய்க்குள்ள வெச்சிக் குடிக்கிறவ. விழுந்தா அவ நாக்குமேலதான் விழணும்."

"அதெல்லாம் யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியும்."

"நோக்குத் தெரிஞ்சா ஆச்சா? லைசென்ஸ் போனா கொட்டகையை மூடணும். முப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். உன் பொண்ணும் அதுல ஒண்ணு." பெருமூச்சு விட்டார். "ஸ்ரீரங்கன் சார் யாரு? முதலாளிக்கு வக்கீல். அவர் பேரை இதுல இழுத்துண்டு நான் எங்க போறது? அவளுக்கு என்ன ஆயிடப்போறது சொல்லு. இனிமே குப்பத்துலேர்ந்து வர்றவாளுக்கு டிக்கெட் இல்லேன்னு ஒரு போர்டு போடப்போறோம், அவ்வளவுதான். சினிமா பாக்காட்டா செத்தா போயிடுவா?"

ஜமீலுன்னிசா தாளைப் பார்த்தாள். பிள்ளையின் தொடையைப் பொசுக்கியவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. பொசுங்கிய பிள்ளையின் தாய் ஏமாற்றுக்காரி. அவளைச் சோதித்து உள்ளே விட்ட தான், கடமையில் தூங்கியவள். மூன்று பொய்யும் தன் வாயிலிருந்து வரவேண்டும். படிக்கத் தெரியாதவள் என்பதால்தான் இவ்வளவு துணிந்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியபோது அவள் துப்பட்டியின் முனையை இறுக்கிப் பிடித்தாள். ராமானுஜம் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

"குடுங்க சார், போடறேன்."

அவர் தன் சொந்தப் பேனாவைத் திறந்து கொடுத்தார். தாளின் அடியில், இடது ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவள் எதிர் ஓரத்தில் ஆரம்பித்தாள். சம்பள நோட்டில் மாதாமாதம் அவள் உருதுவில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பழகியவர்தான் அவர். கோழி கிளறினது மாதிரி என்று சிரிப்பார். இன்று அந்தக் கிளறல் வலமிருந்து இடமாக ஓடி, அவர் விரல் இருந்த இடத்தைத் தொட்டு, கீழே இறங்கி இன்னொரு வரியும் பாதி போயிற்று.

"என்னது, இன்னிக்கு இவ்வளவு நீளம்?"

"சர்க்கார் காகிதமாச்சே சார். அப்பா பேரு, புருஷன் பேரு எல்லாம் சேத்துப் போட்டேன்."

"பேஷ்" என்று சொல்லி அவர் மையை ஒற்றியெடுத்தார்.

அவள் எழுதியது இவ்வளவுதான்: 'மேலே உள்ளது பொய். குழந்தைமேல் விழுந்தது மாடியிலிருந்து போட்ட சிகரெட். மிச்சத் துண்டு என்னிடம் இருக்கிறது. ஜமீலுன்னிசா.'

இந்தப் பெரிய மெட்ராஸில், அத்தனை பெரிய ஆபீஸில், உருது படிக்கத் தெரிந்த ஒருத்தன்கூடவா இருக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. இல்லாவிட்டால், அவள் பெயருக்குமேல் அந்தப் பொய் என்றைக்கும் நிற்கும்.

மறுநாளே பெண்கள் வாசலில் போர்டு மாட்டினார்கள். குப்பத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு வந்தபோது, அவர்களை நிறுத்தவேண்டிய வேலை ஜமீலுன்னிசாவுக்குத்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவர்களில் ஒருத்தி, "தெரியும் பீபி. எங்க மேல மீன் நாத்தம் அடிக்குதாம். மேல கீறவன் மேல மல்லிப்பூ வாசன" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் ஜமீலுன்னிசாவின் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை நீட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தேசம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, தொடையில் கட்டு.

"என் சுருட்டக் குடு."

ஜமீலுன்னிசா டப்பாவைத் திறந்து கொடுத்தாள்.

தேசம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் உள்ள எடுத்துக்கினு போய்க் குடிச்சேன்னு எழுதிக் குடுத்தியாமே. அப்ப இது யாருது?"

"உன்னுதுதான்."

"எங்க மாமியா கையில கூட நான் சுருட்டக் குடுத்ததில்ல. எடுத்து ஒரு இழுப்பு இழுத்துரும். உன் கையில குடுத்தேன், நாலு வருசமா."

"பொய்னு எழுதிக்கீறேன் தேசம்மா. அந்தக் காகிதத்துலயே. எங்க எழுத்துல."

"அத்த எவன் படிப்பான்?"

"எவனாவது படிப்பான்."

"அவரு பேனாவுல, அவரு காகிதத்துல, அவருக்குத் தெரியாம எழுதிட்ட. நல்ல கில்லாடிதான். எம்புள்ள கால்ல கீற புண்ணு எந்த எழுத்துல கீது? அத்த ஏன் எவனும் படிக்கல?"

தேசம்மா நான்கு எட்டு போனாள். பிறகு திரும்பி வந்து சுருட்டைப் பழையபடி டப்பாவில் போட்டாள்.

"எவனாவது படிச்சிட்டு வந்தா காட்டணும்ல. வெச்சிக்க. அதுவரிக்கும் எங்கூடப் பேசாத."

பதினெட்டு நாள் எவரும் வரவில்லை. பத்தொன்பதாம் நாள், மத்தியான ஆட்டம் தொடங்கி அரைமணி கழித்து, கறுப்புக் குல்லாய் வைத்த ஒல்லியான மனிதர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். லைசென்ஸ் ஆபீஸின் ஹெட்கிளார்க் குலாம் முகம்மது. விசாரித்து வரும்படி அவரை அனுப்பியிருந்தார்கள். முதலில் மாடிக்குப் போய்க் கால்மணி நேரம் சும்மா நின்றார். பிறகு மானேஜர் அறைக்கு வந்து, ஜமீலுன்னிசாவையும் வரச்சொல்லி, தாளை மேஜைமேல் விரித்தார்.

"மிஸ்டர் ராமானுஜம், இந்தக் கையெழுத்து உங்க முன்னாடி போட்டதா?"

"ஆமாம் சார். என் பேனாவாலதான் போட்டா."

"என்ன எழுதியிருக்காங்க?"

"அவ பேரு சார். கொஞ்சம் நீளம். தோப்பனார் பேரு, ஆம்படையான் பேரெல்லாம் சேத்துப் போட்டிருக்கா."

"இவங்க புருஷன் பேரு சிகரெட்டா?"

ராமானுஜம் விழித்தார். குலாம் முகம்மது இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். ராமானுஜத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தது.

ஜமீலுன்னிசா கைக்குட்டையை அவிழ்த்துத் தக்கை முனைச் சிகரெட்டை வைத்தாள். பக்கத்தில் பாதிச் சுருட்டை வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். குலாம் முகம்மது இரண்டையும் முகர்ந்து பார்த்தார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மஞ்சளாகப் பழுத்திருந்ததை ஜமீலுன்னிசா கவனித்தாள். பீடி சுற்றுகிறவள் கண்ணுக்கு அது தப்பாது.

"உங்க தகப்பனார் நல்லா சொல்லிக்குடுத்திருக்கார்" என்று அவளிடம் உருதுவில் சொன்னார். "சிகரெட்டுக்கு மட்டும் மூணு 'ஸ'வுல தப்பான 'ஸ' போட்டிருக்கீங்க."

"கோவத்துல எழுதினது, சாஹிப்."

சாம்பல் கிண்ணங்களைக் கழற்றவேண்டும்; இரண்டு ஸ்லைடையும் எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே ஸ்லைடு போடவேண்டும்; குப்பத்தாரைத் தடுக்கும் போர்டு இறங்கவேண்டும். இவ்வளவையும் எழுதி ராமானுஜத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குலாம் முகம்மது தன் குறிப்பில் 'மாடியிலிருந்து ஒரு ரசிகர்' என்று எழுதினார்.

"ரசிகருக்குப் பேர் இருக்கு சாஹிப்" என்றாள் ஜமீலுன்னிசா.

"முழங்கையைத்தானே பாத்தீங்க. அவர் போட்டதைப் பாத்தேன்னு சொல்லுவீங்களா? கோர்ட்டுல அவரே குறுக்கு விசாரணை செய்வார்."

ஸ்ரீரங்கன் பெயர் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. குழந்தையின் மருந்துக்கு என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. குல்லாய்க்காரர் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ராமானுஜம் வாசலுக்கு வந்தார். "நாளைலேர்ந்து வராதே. எவ்வளவு நம்பினேன் நான். என் பேனாவாலயே எழுதிட்டியே."

"உங்க பேனா நல்லா எழுதுது சார்."

"அந்த டப்பாவை வெச்சுட்டுப் போ. அது கொட்டகைச் சொத்து."

"டப்பா என்னுது. கொட்டகைச் சொத்து உங்க ஸ்லைடு. அத பத்திரமா வெச்சுக்கங்க."

வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைப் பக்கம் நடந்தாள். வேலை போனது இன்னும் அவள் மண்டையில் ஏறவில்லை. 'ரசிகர்' என்ற சொல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. பிள்ளையைச் சுட்டவன் ரசிகர். நொச்சிக்குப்பத்து மணலில் தேசம்மா வலை ஓரமாக உட்கார்ந்து கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். ஜமீலுன்னிசா டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"படிச்சுட்டான்."

தேசம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "வேல?"

"போச்சு."

"அந்த மாடிக்காரன்?"

"அவன் ரசிகராம்."

தேசம்மா சுருட்டைப் பற்றவைத்து, நெருப்பு முனையை வாய்க்குள் திருப்பிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்தாள். "உலர்ந்து மண்ணாப் போய்ட்டுது" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம படத்துக்குப் போலாம். நீயும் வா. வாசல்ல நிக்காத. உள்ள வா."

ஞாயிற்றுக்கிழமை சகினாவையும் கூட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஜமீலுன்னிசா பெண்கள் தரையில் உட்கார்ந்தாள். குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். வாசலில் புதிதாக நின்றவளிடம் டப்பா இல்லை. அதனால் அவர்கள் பீடியையும் சுருட்டையும் குப்பத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. ஒரே ஒரு ஸ்லைடு வந்தது. சகினா படித்தாள்.

"இக்கொட்டகையில் எவரும் புகை பிடிக்காதீர்."

"காதீர்னா?" என்று தேசம்மா கேட்டாள்.

"'காதே'வும் இல்ல, 'காதீர்கள்'ளும் இல்ல. நடுவுல" என்றாள் சகினா. "'கள்' விட்டுப்போச்சு."

"கள்ளுக்கடையத்தான் அக்டோபர்ல மூடறாங்களாமே. நம்ம மானேஜரு இப்பவே மூடிட்டாரு" என்றாள் தேசம்மா.

தரை முழுக்கச் சிரித்தது. படம் ஓட ஆரம்பித்தது. ஒரு அரண்மனை, ஒரு தோட்டம், ஒரு பெண் பல்லக்கிலிருந்து இறங்கினாள். ஜமீலுன்னிசா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் வாசலில் நின்று கேட்டவை மாதிரி ஒரு பாட்டு தொடங்கியது. இந்தத் தடவை பாடுகிறவள் முகம் அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. எந்தப் புகையிலை என்று அவள் மூக்குக்கு உடனே தெரிந்தது. கைக்குட்டையில் நான்கு வாரத்துக்குமேல் முடிந்து வைத்திருந்த அதே புகையிலை.

அவள் மணலில் உட்கார்ந்தபடியே முழுக்கத் திரும்பினாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி மூலை நாற்காலியைப் பார்த்தாள். வெள்ளை ஜிப்பாக் கை கம்பிமேல் கிடந்தது. விரல் நடுவில் சிவப்புப் புள்ளி.

தேசம்மா அவளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளும் திரும்பினாள். பிறகு அவர்கள் வரிசை திரும்பியது. பின்வரிசைப் பெண்களுக்கு விஷயம் தெரியாது. முன்னால் இருக்கும் தலைகள் தங்களைத் தாண்டி மேலே பார்ப்பதைக் கண்டு அவர்களும் அண்ணாந்தார்கள். பெஞ்சுப் பெண்களும் திரும்பினார்கள். நூறு பேர் இருக்கும். திரையின் வெளிச்சம் பின்னால் இருந்ததால் கீழே முகங்கள் கறுத்துத்தான் இருந்தன. ஆனால் ஒரு தலைகூடத் திரையைப் பார்க்கவில்லை என்பது மாடியில் இருப்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஸ்ரீரங்கன் முதலில் கவனிக்கவில்லை. பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாம்பலைத் தட்ட நாற்காலியின் கையைத் தடவினார். அங்கே திருகாணி போன இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. கம்பிக்கு வெளியே கையை நீட்டப் போனார். நூறு தலைகள் அண்ணாந்து இருந்தன. நீட்டவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தன் சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கும் ஸ்ரீரங்கனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாயிற்று.

பாட்டு முடிந்தது. யாரும் திரும்பவில்லை. சிவப்புப் புள்ளி விரலை நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் குனிந்து, தன் செருப்பின் அடியில் அதைத் தேய்த்து அணைத்தார். அணைத்த துண்டை என்ன செய்வது என்று ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தன் வெள்ளை ஜிப்பாப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

தேசம்மா காறி மணலில் துப்பப் போய், நிறுத்தி, விழுங்கிக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராகத் திரைப்பக்கம் திரும்பினார்கள்.

ஜமீலுன்னிசா கடைசியாகத் திரும்பினாள். தோட்டத்தைக் காணோம். பாட்டுப் பாடினவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீசைக்காரன் ஒருவன்.

"அவன் யாரு?" என்று அவள் கேட்டாள்.

"அவ புருஷன்" என்றாள் தேசம்மா. "நீ திரும்பிக்கினு இருந்தப்ப கல்யாணம் ஆயிருக்கும். எனக்கும் தெரியாது, சும்மா பாரு."